ஏற்றத்தில் சூடாகும் வேன்

அந்தப் பழைய டீசல் கேம்பர் வேன் இழுவை வண்டியின் கொக்கியில் தொங்கியபடி எங்கள் குடியிருப்புக்குள் இரண்டாவது முறையாக வந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். எல்லா மாடிகளிலும் நாங்கள் இருந்தோம். எட்டிப் பார்த்தோம். சிரிப்பை அடக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இழுவை வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆபரேட்டரம்மா இறங்கினார். கையில் காலித் தண்ணீர்க் கேன், கன்னத்தில் கரி. நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எல்லாரும் பாத்தாச்சா? கீழ வந்து தள்ளுறவங்க வரலாம். மத்தவங்க போய்ச் சாப்பிடுங்க.”

நாலைந்து பேர் இறங்கிப் போய்த் தள்ளினோம். அவர் குரலுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. கத்தமாட்டார், ஆனால் கேட்டவன் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்தக் குரலை வைத்துத்தான் அவர் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகச் சோறு சாப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்கள், திட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்கள், எந்த வார்டு என்றே தெரியாமல் கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: “லைன்ல இருங்க. நான் விடமாட்டேன்.” விடவும் மாட்டார். ஒரு தடவை அவசர அறுவை சிகிச்சைக்கு டாக்டர் தேவைப்பட்டார். அவர் வீட்டு போன் ஒழுங்காக வைக்கப்படாமல் கிடந்தது போலிருக்கிறது, லைன் போகவே இல்லை. ஆபரேட்டரம்மா அந்தத் தெருவிலிருந்த சலவைக் கடைக்குப் போன் போட்டார். “எதிர் வீட்டு மாடி ஜன்னல்ல ஒரு கல்லை விட்டு எறிங்க. கண்ணாடிக்கு நான் பொறுப்பு” என்றார். கண்ணாடி உடைந்தது. டாக்டர் வந்தார். நோயாளி பிழைத்தான். டாக்டர் மட்டும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாராம்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் யாரும் எதிர்பாராத காரியமாக ஒரு கேம்பர் வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். உயரமான கூரை, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, ஓர் ஓரத்தில் கதவு போட்ட குட்டிக் கழிப்பறை. வயதைச் சொன்னால் வேன் வெட்கப்படும். அவருடைய கணவர், தையற்கடை வைத்திருக்கும் மாஸ்டர், அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “தச்சுத் தச்சுத் துணியே தெரியாத சட்டை மாதிரி இருக்கு” என்றார். வெல்டிங் போட்ட இடங்களைத்தான் அப்படிச் சொன்னார்.

வேன் வாங்கியது மாஸ்டருக்காக இல்லை. மாஸ்டருடைய தங்கைக்காக.

தங்கைக்கு ஐம்பது வயது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் இன்னும் எல்லோருக்கும் பாப்பா. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, சக்கர நாற்காலிதான். வீட்டிலிருந்தபடியே பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துச் சம்பாதித்தார். ஆபரேட்டரம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீடு. நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். இரண்டு பேரும் கூட்டணி வைத்து மாஸ்டரைத்தான் உண்டு இல்லை என்று ஆக்கினார்கள்.

பாப்பா எங்கேயும் வரமாட்டார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும் “எழுத்துவேலை இருக்கு அண்ணி” என்று ஒதுங்கிவிடுவார். கூச்சம் என்றே ஆபரேட்டரம்மா நினைத்திருந்தார். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், தட்ட முடியாத ஒரு விசேஷத்துக்குப் பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போய் வந்த மறுநாள் கடுமையான காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. “தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்று டாக்டர் கேட்டார்.

“வெளியில போகணும்னா முதல் நாள் ராத்திரியோட நிறுத்திடுவேன். போற இடத்துல எனக்கு பாத்ரூம் எங்க இருக்கும்?” என்றார் பாப்பா, ஏதோ குடை எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுவதுபோல.

ஆபரேட்டரம்மாவுக்கு அது தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சொன்னது: “பாத்ரூம் இருக்கற இடத்துக்கு நாம போக வேணாம். பாத்ரூமைக் கூடவே கொண்டு போயிடலாம்.”

வேன் வந்த பிறகு பாப்பா முதன்முதலில் கேட்ட இடம் மலை. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதைப் பற்றி ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடம். பதிப்பு மாறும்போதெல்லாம் அந்தப் பாடத்துக்குப் பாப்பாதான் பிழை பார்ப்பார். “ஆழம் எவ்வளவுன்னு மனப்பாடமா தெரியும். என்ன நிறம்னு தெரியாது” என்றார்.

வேனோ மலை என்றால் மறுத்தது. சமதரையில் நாள் முழுக்க ஓடும். சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நிற்கும். ஏற்றம் தொடங்கி இரண்டு வளைவு தாண்டினால் முள் மேலே போக ஆரம்பிக்கும். அப்புறம் சிவப்பு. அப்புறம் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி.

முதல் தடவை மெக்கானிக், சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டாம் தடவை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வாட்டர் பம்ப்பையும் புதிதாகப் போட்டார். நல்ல மனிதர், செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது தடவை இழுவை வண்டி வேனை நேரே அவருடைய பட்டறை வாசலில் இறக்கியபோது அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இன்ஜினைப் பிரிச்சா இன்னும் என்னென்ன கிளம்புமோ. பேசாம வித்துடுங்க. இல்லன்னா மலைப்பக்கம் போகாதீங்க. கீழ ராஜா மாதிரி ஓடுது இல்ல?”

“போயிருக்கும்னா? போயிடுச்சா, போயிருக்கும்னு நினைக்கிறீங்களா?”

“நினைக்கிறேன்.”

“நினைக்காம தெரிஞ்சுக்க வழி இருக்கா தம்பி?”

இருந்தது. ரேடியேட்டர் வாயில் வைக்கிற ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே நீல நிறத் திரவம். இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருந்தால் இன்ஜின் புகை தண்ணீரில் கலக்கும். நீலம் மஞ்சளாக மாறும். யாரிடமோ இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடியது. இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலம் நீலமாகவே இருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அப்போ கேஸ்கட் இல்ல. அப்போ எனக்குத் தெரியல அம்மா.”

அந்தப் பதிலுக்காக ஆபரேட்டரம்மாவுக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்க ஆஸ்பத்திரியில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அன்று சாப்பாட்டு மேசையில் மாஸ்டர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். “ஏம்மா, வித்துடலாமே. நாலு பேர் சிரிக்கிறதுக்கா ஒரு வண்டி?”

“நாலு பேருக்கு வேற பொழுதுபோக்கு கிடைக்கும். நீங்க சாப்பிடுங்க.”

பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு மலை வேணாம் அண்ணி. நிஜமாத்தான். படத்துல பாத்தா போதும். கீழேயே எங்கயாவது போகலாம்.”

பாப்பாவின் ‘வேணாம்’ எப்படிப்பட்ட ‘வேணாம்’ என்று இப்போது ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும்.

“உனக்கு வேணாம்னா நீ வராதே. எனக்கு வேணும். நான் போறேன்.”

“நான் இல்லாம நீங்க எப்படிப் போவீங்க? முள்ளை யாரு பாப்பா?”

“அதான் கேக்கறேன். யாரு பாப்பா?”

பாப்பா சிரித்துவிட்டார். மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று அதற்கு அர்த்தம்.

மறுநாளிலிருந்து ஆபரேட்டரம்மா வேனுக்கு அடியிலேயே குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். பழைய புத்தகக் கடையில் அந்த வேனுக்கான பட்டறைப் புத்தகம் கிடைத்தது. பாப்பா நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார். ஆபரேட்டரம்மா வேனுக்கு அடியில் படுத்து விரலால் தேடுவார்.

“தண்ணி ரேடியேட்டர்ல ஆறி, அடிப்பக்கமா வெளிய வருது. அங்கிருந்து பம்ப் இழுக்குது. பம்ப் இன்ஜினுக்குள்ள தள்ளுது. சூடாகி, மேல வழியா மறுபடியும் ரேடியேட்டருக்கு. அவ்வளவுதான் அண்ணி.”

“அவ்வளவுதான். ஒரு சுத்து. எங்கயோ ஒரு இடத்துல லைன் சரியில்ல.”

முதலில் அவருக்குச் சந்தேகம் விசிறிமேல். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறியின் குடம், சூடு ஏறினால் இறுக்கிப் பிடித்து வேகமாகச் சுற்ற வேண்டும். இது வழுக்குகிறது என்று முடிவு கட்டினார். அடித்துச் சொன்னார். புதுக் குடம் வாங்கி, மெக்கானிக்கை வரவழைத்து மாட்டியும் விட்டார். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். முள் எப்போதும்போல ஏறியது. தப்பாகிப் போனது ஒரு பக்கம். அவ்வளவு அடித்துச் சொன்னோமே என்பதுதான் ஆபரேட்டரம்மாவை அதிகம் உறுத்தியது.

அடுத்த யோசனை பட்டறைப் புத்தகத்தில் இருந்தது. வேனுக்குள் குளிருக்காக இருக்கும் ஹீட்டரை முழு அளவில் திறந்துவிட்டால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். தற்காலிகத்துக்கு உதவும். அப்போது நல்ல கோடை. அன்று மாஸ்டரும் கூட வந்திருந்தார். ஹீட்டர் திறந்தது, உள்ளே அனல் அடித்தது.

“என்னம்மா இது, வண்டிக்கு ஜுரம்னா நமக்கு ஏன் வேர்க்கணும்?”

“அதோட ஜுரத்தை நாம கொஞ்சம் வாங்கிக்கறோம். கண்ணாடியை இறக்குங்க.”

“இஸ்திரிப் பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. நான் இறங்கிக்கறேன், நீங்க மடிப்பெல்லாம் எடுத்துட்டு வாங்க.” சொன்னபடியே பாதி மேட்டில் இறங்கி, மரத்தடியில் நின்றுகொண்டார்.

முள் கொஞ்சம் தாமதமாக ஏறியது, ஏறாமல் இருக்கவில்லை. ஆனால் அன்றுதான் முன் இருக்கையில் வேர்வை வழிய உட்கார்ந்திருந்த பாப்பா ஒன்றைக் கவனித்தார்.

“அண்ணி, இன்னொரு தடவை ஏத்துங்க. இந்தத் தடவை மெதுவா. மிதிக்காதீங்க.”

“மெதுவா போனா இன்னும் சூடாகாதா?”

“ஏத்துங்களேன்.”

உருட்டிக்கொண்டு போவதுபோல ஏற்றினார். பின்னால் வந்த சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது.

“இப்ப மிதிங்க.”

மிதித்தார். இன்ஜின் உறுமியது, முள் எழுந்தது.

“விடுங்க.”

விட்டார். கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது.

“ஏத்தம் இல்ல அண்ணி. உறுமல்தான். இன்ஜின் வேகமா சுத்தறப்போ என்னமோ ஆகுது. சும்மா ஓடறப்போ அது ஆகறதில்ல. அதனாலதான் பட்டறையில நிக்கவெச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியல.”

ஆபரேட்டரம்மா வேனை ஓரம் கட்டினார். இருக்கையில் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தார். “அப்ப நிக்கவெச்சே உறும விட்டுப் பாக்கணும். நான் அடியில இருந்து பாக்கணும். யாரு மிதிக்கறது?”

மாஸ்டர் இருந்தார்; ஆனால் அவருக்கு வண்டி என்றாலே பயம், பாதிச் சத்தத்திலேயே காலை எடுத்துவிடுவார். மறுநாள் காலை நாங்கள் பார்த்த காட்சியை இந்தக் குடியிருப்பு லேசில் மறக்காது. ஓட்டுநர் இருக்கையில் பாப்பா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டியரிங்குக்குப் பின்னால். கையில் மாஸ்டர் துணி அளக்கும் மரக்கோல். அதன் நுனி ஆக்ஸிலேட்டர் மேல். சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்திருந்தார்கள். ஆபரேட்டரம்மா தலைமுடியை இறுக்கிக் கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, விசிறிப் பக்கம் போகாமல் ஓரமாகப் படுத்து டார்ச் அடித்தார்.

“முள் நடுவுக்கு வந்துடுச்சு அண்ணி!”

“மெதுவா அமுக்கு!”

இன்ஜின் உறுமியது. புகை கிளம்பியது. முதல் மாடிக்காரர் துணியை உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினார்.

“இன்னும்!”

பாப்பா இரண்டு கையாலும் கோலை அழுத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பு. பார்த்தவர்கள் யாரும் அதற்குமுன் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

“நிறுத்து! நிறுத்து பாப்பா! இல்ல, நிறுத்தாதே! இன்னொரு தடவை அமுக்கு!”

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப்புக்குப் போகும் கனமான ரப்பர் ஹோஸ், இன்ஜின் வேகம் ஏற ஏற ஒடுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சப்பி எறிந்த மாம்பழத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. வேகம் குறைந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி உப்பிக்கொண்டது. பம்ப் வேகமாக இழுக்கும்போது ஹோஸ் மூடிக்கொள்கிறது. தண்ணீர் வர வழியில்லை.

மெக்கானிக் வந்து படுத்துப் பார்த்தார். படுத்தபடியே சிரித்தார். “அம்மா, இதுக்குள்ள ஒரு சுருள் கம்பி இருக்கணும், ஹோஸ் ஒடுங்காம தாங்குறதுக்கு. இதுல இல்ல. முன்னாடி வெச்சிருந்தவங்க யாரோ சாதாரண ஹோஸை வெட்டி மாட்டியிருக்காங்க. புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சா, நான் திருப்பித் திருப்பி இதையே மாட்டிட்டிருந்தேன்.”

“பாத்தா பளபளன்னு இருக்கறதை யாரு தம்பி சந்தேகப்படுவா? சரியானது கிடைக்குமா?”

“கிடைக்க வைக்கறேன்.”

நாலு கடை ஏறி இறங்கிச் சரியான ஹோஸைக் கொண்டுவந்தார், உள்ளே கம்பியோடு. மாட்டிவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னார்: “இது சரியாயிடுச்சுன்னு வண்டி இளசாயிடாது. ரேடியேட்டர் பழசு, மலை பெரிசு. முள் நடுவைத் தாண்டினா சின்ன கியர்ல போங்க. ஹீட்டரைத் திறங்க. நிறுத்தினா இன்ஜினை உடனே அணைக்காதீங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியை மட்டும் தொட்டுடாதீங்க, கொதிதண்ணி முகத்துல அடிச்சுடும்.”

புறப்படும் அன்று மாஸ்டர் வரவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற காலம். “யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும் இல்ல? ரெக்கவரி வண்டிக்குப் போன் போட” என்றார். சொல்லிவிட்டு, வேனுக்குள் ஏறி இரண்டு போர்வையையும், தானே தைத்த ஒரு கனமான மேல்சட்டையையும் பாப்பாவின் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கினார்.

அடிவாரத்தில் நிறுத்தி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாப்பா ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். ஆபரேட்டரம்மா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்.

ஏற்றம் ஆரம்பித்தது. எப்போதும் ஆவி கிளம்பும் வளைவு வந்தது, போனது. முள் நடுவில் நின்றது. பாப்பா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே காடு மாறிக்கொண்டே போனதை அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். மரங்கள் குட்டையாயின. காற்று மெலிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

மேல்பாதியில் ஒரு கல் லாரி அவர்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகம். முகத்தில் காற்றே அடிக்கவில்லை. சாலையில் ஒதுங்க இடமும் இல்லை.

“நகருது அண்ணி.”

“எவ்வளவு?”

“நடுவைத் தாண்டிடுச்சு.”

ஹீட்டர் திறந்தது. கண்ணாடிகள் இறங்கின. மலைக்குளிர் ஒரு பக்கம், ஹீட்டர் அனல் ஒரு பக்கம். முள் நின்றது, மறுபடி நகர்ந்தது. சிவப்புக்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது வளைவின் வெளி ஓரத்தில் கல் கொட்டிய சிறு திடல் தெரிந்தது. ஆபரேட்டரம்மா வேனை அதில் திருப்பினார். பாதி உடல்தான் திடலில் அடங்கியது. பின்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்கவில்லை.

பின்னால் வந்த கார்கள் ஒலிப்பானை அழுத்திப் பிடித்துக்கொண்டன. ஒருவர் இறங்கி வேகமாக வந்தார். “என்னங்க, வழியை அடைச்சு நிறுத்தியிருக்கீங்க? இந்தப் பொட்டியை எல்லாம் யாரு மலைக்குக் கொண்டுவரச் சொன்னது?”

ஆபரேட்டரம்மா கதவைத் திறந்து இறங்கவில்லை. கண்ணாடி வழியாகத் தலையைத் திருப்பினார். “சார், ஒரு நிமிஷம் பொறுமையா கேளுங்க. வண்டி சூடாயிருக்கு. இப்ப எடுத்தா நடுரோட்டுல நின்னுடும், அப்புறம் யாருமே போக முடியாது. வலது பக்கம் ஒரு கார் போக இடம் இருக்கு. நீங்க கீழ நின்னு ஒவ்வொருத்தரா கை காட்டி அனுப்பினீங்கன்னா எல்லாரும் போயிடலாம். செய்றீங்களா?”

அந்த மனிதர் உண்மையாகவே போய் நின்று கை காட்ட ஆரம்பித்தார். கடைசிக் கார் போகும்வரை நின்றார். தன் காரை எடுக்கும்போது கையை அசைத்துவிட்டும் போனார்.

“ஆஸ்பத்திரிக் குரல்” என்றார் பாப்பா.

“முள் என்ன சொல்லுது? அதைப் பாரு.”

முள் மனம் இரங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் வேர்வை. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்துகொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் ஆபரேட்டரம்மாவுக்குத் தோன்றியதாம். இறக்கத்துக்குச் சூடு பிடிக்காது, இருட்டுவதற்குள் வீடு. அவர் பக்கத்தில் பார்த்தார். பாப்பா டாஷ்போர்டில் கையை வைத்துக்கொண்டு, “இறங்கு, இறங்கு, தங்கம்ல” என்று முள்ளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். திரும்புவது பற்றி ஆபரேட்டரம்மா வாயைத் திறக்கவில்லை.

முள் நடுவுக்கு வந்தது. லாரியும் கண்ணுக்கு மறைந்திருந்தது. சின்ன கியரில், மிதிக்காமல், ஒரே சீராக மேலே போனார்கள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

கணவாயின் உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. பஞ்சு மூட்டைக்குள் நுழைந்த மாதிரி மூடுபனி. உயரம் எழுதிய பலகைக்கு முன்னால் கார்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு, அலுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடையோ, தங்கும் இடமோ எதுவும் அங்கே இல்லை.

“நாம?” என்றார் பாப்பா.

“நமக்கென்ன அவசரம்? வீட்டோடதானே வந்திருக்கோம்.”

அடுப்பு பற்றியது. டீ கொதித்தது. மாஸ்டர் தைத்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பாப்பா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, வெளியே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலையில் ஆபரேட்டரம்மாவை எழுப்பியது பாப்பாதான். “அண்ணி. கண்ணைத் திறங்க.”

பனி கிழிந்திருந்தது. மலைகளுக்கு நடுவே கீழே ஏரி கிடந்தது. பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீலம்னு போட்டிருக்கோம் புத்தகத்துல. இது நீலமே இல்ல” என்றார்.

“பின்ன என்ன?”

“பச்சைன்னும் சொல்ல முடியல. அடுத்த பதிப்புல என்ன போடறதுன்னு தெரியலையே” என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. ஆபரேட்டரம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்தப் பக்கம் இறங்குவதற்கு வேன் ஒரு தொந்தரவும் தரவில்லை. கரையில் சக்கர நாற்காலி கூழாங்கல்லில் புதைந்து நின்றுவிட்டது. படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் தூரிகையைப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேருமாக நாற்காலியோடு தூக்கித் தண்ணீர் ஓரத்தில் வைத்தார்கள். ஆபரேட்டரம்மா பாப்பாவின் காலுறைகளைக் கழற்றி, பாதங்களைத் தண்ணீரில் இறக்கினார். அந்தக் கால்களில் பலம்தான் இல்லை; உணர்ச்சி எல்லாம் முழுசாக இருந்தது. பாப்பா போட்ட கூச்சலில், படகுக்குத் திரும்பிப் போயிருந்த படகுக்காரர் சாயத்தைத் தட்டிவிட்டார்.

“எடுங்க அண்ணி, எடுங்க! ஐயோ, உயிர் போகுது! எடுக்காதீங்க!”

அதற்கப்புறம் படகுக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்தபோது, ஏரியின் ஆழத்தை அவருக்குப் பாப்பா சொன்னார். அவர் நம்பவில்லை, அதைவிட ஆழம் என்று சாதித்தார். இரண்டு பேருக்கும் நல்ல சண்டை.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி ஆபரேட்டரம்மா வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே மாஸ்டர் எடுத்தார்.

“ரெக்கவரி வண்டியை அனுப்பவா?”

“வேணாம். வண்டி நல்லா இருக்கு. நாங்களும்தான்.”

“அப்ப நாளைக்கு வந்துடுவீங்க.”

“இல்லங்க. இந்த ரோடு ஏரியைச் சுத்திட்டு அந்தப் பக்கம் இன்னொரு கணவாய்க்குப் போகுதாம். பாப்பா பாக்கணும்ங்கறா.”

மாஸ்டர் பக்கம் தையல் மிஷின் சத்தம் கேட்டது. “அது இதைவிட உயரமா?”

“ஆமா.”

“போர்வை பத்துமா?”

“பத்தும்” என்றார் ஆபரேட்டரம்மா. கீழே வேனுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த பாப்பா, நாளைக்குப் போகவேண்டிய வழியைப் படகுக்காரரிடம் கை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.